பலகையைப் பிடுங்கினீர்கள், பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு?

2023-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். சென்னையில் கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் பக்கமாகக் கடலோரம் ஓடும் லூப் ரோட்டில் மாநகராட்சி வண்டிகள் வந்து நின்றன. பின்னாலேயே போலீஸ் வந்தது. நொச்சிக்குப்பத்துப் பெண்கள் மீன் பரப்பி விற்கும் பலகைகளும், வெயிலுக்குக் கட்டிய பந்தல்களும் அகற்றப்பட்டன. சாலையில் நெரிசல், வண்டிகள் போக இடமில்லை என்று உயர் நீதிமன்றம் தானாகவே ஒரு வழக்கை எடுத்துக் கொண்டது. மாநகராட்சிக் கனவான்கள் உடனே பறந்து வந்தார்கள். குப்பத்தில் சாக்கடை அடைத்துக் கொண்ட போதெல்லாம் இந்த வேகத்தை நாம் கண்டதில்லை!

"ஆக்கிரமிப்பு அகற்றம்" என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். மில்லில் இதையே செய்தால் ஆள்குறைப்பு என்போம், கதவடைப்பு என்போம். கேட்டுக்கு முன்னால் கூட்டம் கூடும். ஆனால் மீன் விற்கிற பெண்ணுக்குக் கேட் கிடையாது, மஸ்டர் ரோல் கிடையாது, நோட்டீஸ் கிடையாது. அவள் வேலை போனதை வேலை போனதாகக் கணக்கில் எழுதுவாரும் கிடையாது. பலகை போயிற்று, அவ்வளவுதான் சங்கதி.

அந்தப் பலகையை நம்பி எத்தனை வயிறு இருந்தது என்று அன்றைக்கு எந்த அதிகாரியாவது கேட்டாரா? அந்த வயிறுகளில் அவள் பெறாத பிள்ளைகள் எத்தனை என்று கேட்டாரா? மில் தொழிலாளித் தோழர்களே, விவசாயக் கூலித் தோழர்களே, அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் நாம் இந்த வாரம் பேசப் போகிறோம். மீன்காரப் பெண்ணின் பாடு நமக்கென்ன என்று பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள். உங்கள் வீட்டிலும் தம்பி மகன் ஒருவன், அக்காள் மகள் ஒருத்தி வளர்ந்து கொண்டிருக்கலாம். அவர்களைச் சட்டம் எந்தக் கண்ணால் பார்க்கிறது என்பதும் இதற்குள்ளேயே இருக்கிறது.

கடல் விட்டுப் போன பிள்ளைகள்

கடலோரத்தில் "அனாதை" என்ற சொல் சீக்கிரம் வாயில் வராது. படகு கவிழ்ந்து ஒருவன் போனால் அவன் பிள்ளைகள் அன்று இரவே அண்ணன் வீட்டுப் பாயிலோ, அத்தை வீட்டுப் பாயிலோ படுத்துத் தூங்கும். மறுநாள் காலை அந்த வீட்டுச் சட்டியில் இரண்டு கவளம் கூடுதலாகக் குழம்பு இருக்க வேண்டும். அவ்வளவுதான் அங்கே தத்தெடுக்கும் சடங்கு. கையெழுத்து இல்லை, சாட்சி இல்லை.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. மீன் விற்பனை சூடு பிடிக்கும் காலை நேரத்தில்தான் சுனாமி வந்தது. சென்னை மாவட்டத்தில் மட்டும் இருநூறு பேருக்கு மேல் மாண்டார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்திலோ ஆறாயிரத்துக்கும் மேல். பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காக நாகையில் அரசு ஒரு காப்பகம் திறந்தது. அன்றைய ஆட்சியர் ஜெ. இராதாகிருஷ்ணனும் அவர் துணைவியாரும் அந்தக் குழந்தைகளிடம் காட்டிய பரிவைப் பத்திரிகைகள் பல ஆண்டுகள் எழுதின. எழுதட்டும், நல்ல காரியம்தான், அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் காப்பகத்துக்கே போகாமல் அத்தை வீட்டிலும் பாட்டி வீட்டிலும் வளர்ந்த பிள்ளைகள் உண்டே! கூடையைத் தலையில் சுமந்து, நெத்திலியும் சங்கராவும் விற்று அவர்களை ஆளாக்கிய பெண்களைப் படம் பிடிக்க எந்தப் பத்திரிகைக்காரன் போனான்?

அந்தப் பிள்ளைகள் இன்று இருபது வயதைத் தாண்டி விட்டார்கள். ஆனால் சுனாமியோடு இந்தக் கதை முடிந்து விடவில்லை. 2020-லும் 2021-லும் கொரோனா வந்தது. நெருக்கமாக வீடுகள் அடுக்கிய குப்பங்களில் அது என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. நடுவில் புயல்கள். புயல் இல்லாத நாளிலும் கடல் ஆளைக் கேட்கிறது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லி விடுவோம்: சாராயம் குடித்து நாற்பது வயதுக்குள் போகிற ஆண்களும் கொஞ்சம் பேர் அல்ல. ஒரு கையால் நிவாரணம் கொடுத்து இன்னொரு கையால் டாஸ்மாக் கடை நடத்துகிற சர்க்காருக்கு அதில் பங்கு உண்டு. வீட்டில் சோறு வெந்ததா என்று பாராமல் அங்கே போய் நிற்கிறவனுக்கும் பங்கு உண்டு. அவன் விட்டுப் போகிற பிள்ளைகளும் யாராவது ஒரு பெண்ணின் பலகைக்குத்தான் வந்து சேருகிறார்கள்.

ஒரு வீட்டுக் கணக்கு

ஒரு வீட்டை எடுத்துக் கொள்வோம். பெயர் வேண்டாம். எந்தக் குப்பத்திலும் எந்த வரிசையிலும் இப்படி ஒரு வீடு இருக்கக் கூடும். நாற்பது வயதுப் பெண். கணவன் வேறொருவரின் ஃபைபர் போட்டில் பங்குக்குப் போகிறவன். சொந்தப் பிள்ளைகள் இரண்டு. இறந்து போன அண்ணனின் பிள்ளைகள் இரண்டு: ஒன்பது வயதுப் பெண், மூன்று வயதுப் பையன். ஆக வீட்டில் ஆறு வாய்.

விடியற்காலை மூன்று மணிக்கு எழுகிறாள். தங்கள் கரையில் மீன் போதாத நாட்களில் ஷேர் ஆட்டோ பிடித்துக் காசிமேடு போய் ஏலத்தில் எடுக்கிறாள். ஐஸ் வாங்க வேண்டும், வண்டிக் கூலி கொடுக்க வேண்டும். முதலுக்குப் பாங்கியா கொடுக்கிறது? தண்டல்காரன் கொடுக்கிறான். பத்தாயிரம் என்று பேசி, முன்வட்டி பிடித்துக் கொண்டு எட்டாயிரத்து ஐந்நூறோ ஒன்பதாயிரமோ கையில் வைப்பான். நாளுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். மழை என்றால் தண்டல் நிற்காது. மீன் இல்லை என்றால் நிற்காது. மாநகராட்சி பலகையைப் பிடுங்கியது என்றாலும் நிற்காது!

இவள் மூன்று மணிக்குப் புறப்பட்டால் பிள்ளைகளை யார் பார்ப்பது? அங்கன்வாடி காலையில் எட்டரை, ஒன்பதுக்குத்தான் கதவைத் திறக்கும். அதற்குள் அவள் வியாபாரத்தில் பாதி முடிந்து விடும். பள்ளியில் 2022 முதல் காலைச் சிற்றுண்டி கொண்டு வந்தார்கள். நல்ல திட்டம், வரவேற்கிறோம். ஆனால் மீன்காரிக்கு வாரத்தில் பெரிய வியாபாரம் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குப் பள்ளியும் இல்லை, அங்கன்வாடியும் இல்லை. மூன்று வயதுப் பையனைத் தூக்கத்தோடு தூக்கி வந்து பலகைக்குக் கீழே சாக்கை விரித்துப் போடுகிறாள். மேலே ஐஸ் உருகிச் சொட்டுகிறது. பையன் புரண்டு படுக்கிறான்.

இந்த நிலையில் பலகை போகிறது. போன நேரத்தைப் பாருங்கள்! கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பெரிய படகுகள் நிற்கிற அந்த இரண்டு மாதத்தில்தான் சின்னப் படகுக்காரன் பிடித்து வருகிற மீனுக்குக் கொஞ்சம் விலை கிடைக்கும். அவனுடைய வீட்டுப் பெண் நாலு காசு பார்ப்பாள். அந்தப் பருவம் தொடங்குவதற்குச் சில நாள் முன்னால் பார்த்துப் பலகையைத் தூக்கினார்கள். நாட்காட்டி மாநகராட்சி ஆபீசில் இல்லையா, அல்லது இருந்தும் இப்படியா?

தடைக்கால நிவாரணம் கொடுக்கிறோமே என்பார்கள். 2023 ஏப்ரலில் அது குடும்பத்துக்கு 5,000 ரூபாய். பிறகு 8,000 ஆக உயர்த்தினார்கள். எட்டாயிரத்தை 61 நாளால் வகுத்தால் நாளைக்கு 131 ரூபாய். அதை ஆறு வாய்க்கு வகுத்தால் தலைக்கு 22 ரூபாய் தேறவில்லை. தண்டல்காரனின் நூறு ரூபாயை முதலில் எடுத்து வைத்து விட்டு வகுத்தால் தலைக்கு ஐந்து ரூபாய்! குடும்பத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுகிற சர்க்காருக்கு நாலு பேர் குடும்பமும் ஒன்று, ஆறு பேர் குடும்பமும் ஒன்று. எடுத்து வளர்க்கிற பிள்ளை அந்தக் கணக்கில் எங்கேயும் வருவதில்லை.

இனி வீட்டுக்குள் என்ன நடக்கும்? முதலில் பால் நிற்கும். பிறகு ஆட்டோ நின்று பிள்ளைகள் நடந்து போவார்கள். பிறகு அந்தப் பெண் எங்காவது வீட்டு வேலைக்கு, அடுக்குமாடிகளில் பாத்திரம் தேய்க்கப் போவாள். சின்னவனைப் பார்த்துக் கொள்ள ஒரு ஆள் வேண்டும். யார் நிற்பார்கள்? ஒன்பது வயதுப் பெண் நிற்பாள். "ரெண்டு நாளு நின்னுக்கோ கண்ணு" என்பாள் அத்தை. இரண்டு நாள் இரண்டு வாரமாகும். பள்ளிக்கூடப் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே கோடு விழும்.

அக்கம்பக்கத்தில் நல்ல எண்ணத்தோடேயே ஒருத்தி வந்து சொல்வாள்: "ஒம் புள்ளைங்களுக்கே கஷ்டமா கீது. இதுங்கள ஹோம்ல விட்ரக் கூடாதா?" அந்தப் பேச்சைக் கதவுக்குப் பின்னால் நின்று ஒன்பது வயதுப் பெண் கேட்டுக் கொண்டிருப்பாள். அன்று இரவு அவள் பசிக்கவில்லை என்று சொல்லித் தன் தட்டைத் தம்பியிடம் தள்ளுவாள். தோழர்களே, வேலை போவதால் வருகிற நஷ்டத்தை ரூபாயில் எழுதி விடலாம். ஒரு தடவை தாயை இழந்த குழந்தை இன்னொரு தடவையும் இழந்து விடுவோமோ என்று பயந்து சாப்பாட்டைக் குறைத்துக் கொள்வதை எந்தப் பத்தியில் எழுதுவது?

அத்தைக்காரியும் அதைப் பார்த்து விடுவாள். தன் பிள்ளைக்குப் போட்டதிலிருந்து கிள்ளி இவள் தட்டில் போடுவாள். அதைச் சொந்தப் பிள்ளை முறைத்துப் பார்க்கும். நேற்று வரை கணக்குப் பாராத வீட்டுக்குள் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு நுழைந்து விடும். குடும்பத்தை உடைக்கிறவர்கள் யார் என்று இதற்கு மேலும் கேட்க வேண்டுமா? நெரிசலைக் குறைக்க வந்த வண்டி ஒரு வீட்டு அடுப்படி வரைக்கும் வந்து போயிருக்கிறது.

சட்டம் கேட்கிற யோக்கியதை

அப்படியானால் அவள் சட்டப்படி தத்தெடுத்துக் கொள்ளட்டுமே, சலுகைகள் கிடைக்குமே என்பார்கள் படித்த கனவான்கள். சரி, எடுக்கப் போகட்டும்.

1956-ஆம் ஆண்டு இந்துத் தத்தெடுப்புச் சட்டம் இருக்கிறது. அதன்படி உயிரோடு ஒரு மகன் இருக்கிற வீட்டில் இன்னொரு மகனைத் தத்தெடுக்க முடியாது. மகள் இருக்கிற வீட்டில் இன்னொரு மகளை எடுக்க முடியாது. சொத்துள்ளவன் வாரிசு தேடுவதற்காக எழுதிய சட்டம் அது. அனாதைப் பிள்ளை தாய் தேடுவதற்காக எழுதியதல்ல. நாம் சொன்ன வீட்டில் சொந்தப் பிள்ளைகள் ஒரு ஆண், ஒரு பெண் என்று வையுங்கள். முடிந்தது. அண்ணன் மகனும் ஆகாது, அண்ணன் மகளும் ஆகாது! தவிரவும் அந்தச் சட்டத்தில் பெற்றோர் இருவரும் இறந்த பிள்ளையைத் தத்துக் கொடுக்கக் காப்பாளர் கோர்ட்டில் முன் அனுமதி வாங்க வேண்டும். கோர்ட்டுக்குப் போகிற நாள் மீன் விற்காத நாள்.

2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் வந்தது. அத்தையும் மாமனும் பாட்டனும் பாட்டியும் உறவுப் பிள்ளையைத் தத்தெடுக்க அதில் வழி இருக்கிறது. மகன் இருந்தாலும் எடுக்கலாம். இது முன்னேற்றம்தான், அதை ஒப்புக் கொள்கிறோம். ஆனால் தத்தெடுப்பவருக்கு என்னென்ன யோக்கியதை வேண்டும் என்று 57-வது பிரிவு சொல்கிறது. உடல் நலம் வேண்டும், மன நலம் வேண்டும், ஆர்வம் வேண்டும். கூடவே பொருளாதார பலமும் வேண்டும்!

தோழர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஒரு சர்க்கார் ஆபீஸ் அவளைப் பார்த்து, உனக்குப் பொருளாதார பலம் இருக்கிறதா, இருந்தால்தான் பிள்ளை என்கிறது. இன்னொரு சர்க்கார் ஆபீஸ் வண்டி கொண்டு வந்து அவளுக்கு இருந்த ஒரே பொருளாதார பலத்தைத் தூக்கிப் போட்டுக் கொண்டு போகிறது. இரண்டு ஆபீசுக்கும் முத்திரை ஒன்றுதானே? பலகையைப் பிடுங்குகிறவன் ஒருவன், பிடுங்கிய பிறகு உன்னிடம் பலகை இல்லையே, நீ எப்படித் தாயாக முடியும் என்று கேட்கிறவன் இன்னொருவன்!

ஆகவே அவள் எந்தச் சட்டத்தின் வாசலுக்கும் போவதில்லை. "இன்னா பேப்பரு? எங்கண்ணன் புள்ளய நா வளக்க எனுக்கு பேப்பரு எதுக்கு?" என்பாள். நியாயமான கேள்வி. ஆனால் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கப் பேப்பர் கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்கள். பாங்கியில் கேட்கிறார்கள்.

தகப்பன் கடலில் போய் உடல் கரை ஒதுங்காத பிள்ளையின் கதி இன்னும் மோசம். 1872-ல் வெள்ளைக்காரன் எழுதிய சாட்சியச் சட்டம், ஏழாண்டு தகவல் இல்லாமல் இருந்தால்தான் ஒருவனை இறந்தவனாகக் கொள்ளச் சொன்னது. பிற்பாடு வந்த புதுச் சட்டமும் அந்த ஏழாண்டை அப்படியே வைத்துக் கொண்டது. மூன்று வயதில் தகப்பனை இழந்த பையன் பத்து வயதில்தான் ஆபீஸ் கணக்கில் தகப்பன் இல்லாதவன் ஆவான். 2017-ல் ஒக்கி புயலில் குமரி மாவட்டத்து மீனவர்கள் காணாமல் போனபோது ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். சர்க்கார் அந்த ஏழாண்டைத் தளர்த்தியது. ஆக, மனது வைத்தால் முடியும் என்பதை அவர்களே நிரூபித்துக் காட்டி விட்டார்கள். ஒரு புயலில் நூறு பேர் போனால் தளர்கிற விதி, ஒரு படகில் ஒருவன் போனால் ஏன் தளரக் கூடாது?

உங்கள் கையில் இருப்பதும், அவள் கையில் இல்லாததும்

மில் தொழிலாளிக்கு இது புதிய கதையல்ல. பெரம்பூர் பி அண்ட் சி மில் 1996-ல் மூடியபோது வடசென்னையில் எத்தனை வீட்டு அடுப்பு அணைந்தது என்று பெரியவர்களைக் கேளுங்கள். 2020 மார்ச் ஊரடங்கில் நின்ற கோவை என்.டி.சி. பஞ்சாலைகள் ஆண்டுக் கணக்கில் திறக்கவே இல்லை. வேலை போவதன் ருசி உங்களுக்குத் தெரியும்.

ஆனாலும் உங்கள் பாட்டன்மார் அடிபட்டு, சிறைக்குப் போய்ச் சில காகிதங்களை வாங்கி வைத்தார்கள். 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டம், ஆளைக் குறைத்தால் ஒரு மாத நோட்டீஸ் கொடு, வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் கொடு என்றது. முதலாளி அதை ஏய்க்கப் பார்ப்பான், அது வேறு விஷயம். ஏய்க்கிறான் என்று சொல்லவாவது ஒரு சட்டம் இருந்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகளுக்கு ஒரு காப்பகம் வை என்றது. 1976-ல் அதை 30 ஆகக் குறைத்தார்கள். கிராமத்துத் தோழர்களே, உங்களுக்கும் 2005-ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் ஒரு வரி இருந்தது: வேலைத் தளத்துக்கு வருகிற பெண்களோடு ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகள் ஐந்து பேர் வந்தால், பெண்களில் ஒருத்தியை அவர்களைப் பார்க்க விட வேண்டும், அவளுக்கும் கூலி உண்டு. ஏரிக்கரை மரத்தடியில் கட்டிய தூளியைப் பார்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள்.

மீன் சந்தைப் பெண்ணுக்கு இவற்றில் எது உண்டு? முப்பது வருஷம் ஒரே இடத்தில் உட்கார்ந்து விற்றவளுக்குப் பதினைந்து நாள் கணக்கில் என்ன கொடுத்தார்கள்? ஒரு நாள் கணக்குக்கூட இல்லை. அவளுக்கும் ஒரு சட்டம் இருக்கிறது: 2014-ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டம். கணக்கெடுப்பு முடித்து எல்லாருக்கும் சான்று கொடுக்கும் வரை எவரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்று அதில் கறுப்பும் வெளுப்புமாக எழுதியிருக்கிறது. லூப் ரோட்டில் அன்று அந்தச் சட்டத்தை யாராவது வாசித்தார்களா?

அதே சமயம், மில் தோழர்களே, உங்கள் காகிதத்திலும் ஒரு ஓட்டை உண்டு. 1948-ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டம் தொழிலாளியின் குடும்பம் என்று பெற்ற பிள்ளையையும் தத்துப் பிள்ளையையும் எண்ணியது. இறந்த தம்பியின் பிள்ளையை நீங்கள் மார்மேல் போட்டு வளர்த்தாலும், தத்துப் பத்திரம் இல்லையென்றால் அந்தப் பிள்ளை உங்கள் குடும்பமல்ல. அதற்குக் காய்ச்சல் வந்தால் ஈ.எஸ்.ஐ. மருந்து அதற்கல்ல. பெண் தொழிலாளிக்கு 2017-ல் பேறுகால விடுப்பை 26 வாரம் ஆக்கினார்கள். எடுத்து வளர்ப்பவளுக்கு? மூன்று மாதத்துக்குக் குறைந்த சிசுவாக இருந்தால் 12 வாரம் என்று எழுதினார்கள். தாய் செத்த பிள்ளை மூன்று மாதத்துக்குள்ளாகவா எப்போதும் வந்து சேர்கிறது? இதை எதிர்த்து 2021-ல் ஒரு தாய் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

ஆகவே நொச்சிக்குப்பத்துக்காரி கேட்பது அவளுக்கு மட்டுமான சலுகை என்று நினைக்காதீர்கள்.

அவர்கள் சொல்லும் சமாதானங்கள்

சந்தை கட்டிக் கொடுத்து விட்டோமே என்பது முதல் சமாதானம். உண்மை. சுமார் 15 கோடி ரூபாயில் 366 கடைகளோடு நவீன மீன் அங்காடி கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். தரை இருக்கிறது, கூரை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. நாம் மறுக்கவில்லை. ஆனால் பலகையைப் பிடுங்கியது 2023 ஏப்ரலில். கூரை வந்தது 2024 ஆகஸ்டில். பதினாறு மாதம் என்பது கட்டடக் கணக்கில் சின்னது, மூன்று வயதுப் பையனின் கணக்கில் அவன் ஆயுளில் ஏறக்குறைய பாதி. முதலில் கட்டி விட்டுப் பிறகு காலி செய்யச் சொல்வதில் என்ன கஷ்டம்? ஜனங்கள் சாலையை மறித்துப் போராடிய பிறகுதானே, சந்தை முடியும் வரை ஓரமாக விற்றுக் கொள்ளலாம் என்ற பேச்சே வந்தது! அந்தச் சாலை வருவதற்கு முன்னால் அது வலை காய்ந்த மணல், படகு ஏற்றிய மணல். ஆக்கிரமித்தது பலகையா, தாரா?

இது முதல் தடவையும் அல்ல. 1985 கடைசியில் மெரினாவை அழகு படுத்துகிறோம் என்று படகையும் வலையையும் அகற்றக் கிளம்பினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் செத்தார்கள். அன்றைக்கும் அந்த வீட்டுப் பிள்ளைகளை யாரோ ஒரு அத்தை வாரிக் கொண்டு போயிருப்பாள். 2025-ல் கலங்கரை விளக்கத்திலிருந்து நீலாங்கரை வரை 15 கிலோமீட்டருக்குக் கடல் பாலம் என்று அறிவித்தார்கள். காரில் போகிறவனுக்குக் கால் மணி நேரம் மிச்சமாகலாம். கரையில் இருக்கிறவளுக்கு என்ன மிச்சமாகும் என்று திட்டத்தில் ஒரு வரி எழுதட்டும்.

உதவித் தொகை கொடுக்கிறோமே என்பது இரண்டாவது சமாதானம். கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைக்கு ஐந்து லட்சம் வைப்பு நிதி என்றும், வளர்க்கிற உறவினருக்கு மாதம் 3,000 என்றும் 2021-ல் அறிவித்தார்கள். 2025 செப்டம்பர் 15-ல் "அன்புக் கரங்கள்" என்று ஒரு திட்டம் தொடங்கி, பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது வரை மாதம் 2,000 என்றார்கள். கொடுக்கிற கையைத் தட்டி விட நாம் வரவில்லை. வாங்க வேண்டியவர்கள் எல்லாரும் மனுப் போட்டு வாங்குங்கள். ஆனால் இரண்டாயிரம் என்பது நாளைக்கு அறுபத்தாறு ரூபாய் சொச்சம். பலகை இருக்கும்போது அது துணை. பலகையைப் பிடுங்கி விட்டு அதை நீட்டினால் அதற்கு என்ன பெயர்?

மூன்றாவது சமாதானம்தான் நம் ரத்தத்தைக் கொதிக்க வைக்கிறது. "முடியாவிட்டால் ஹோமில் விடட்டும்." ஒரு பிள்ளையைக் காப்பகத்தில் வைத்தால் கட்டடம், வார்டன், சமையல், சம்பளம் என்று சர்க்கார் செலவு செய்தாக வேண்டும். அதே பிள்ளையை அத்தை வளர்த்தால் சர்க்காருக்கு அந்தச் செலவெல்லாம் மிச்சம். இத்தனை காலமாக இந்தப் பெண்கள் சர்க்காரின் வேலையைக் கூலி இல்லாமல் செய்து வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு யார் யாருக்குக் கடன்காரர் என்று கணக்குப் பார்க்கத் தெரியாமல் இல்லை; கேட்க நேரமில்லை. மூன்று மணிக்கு எழ வேண்டும்.

நாம் கேட்கிறோம். உறவுப் பிள்ளையை வளர்க்கிறவளுக்கு ஒரு காப்பாளர் அட்டை கொடுங்கள். குப்பத்திலேயே முகாம் போட்டு, பஞ்சாயத்தார் சாட்சியை வைத்துக் கொண்டு ஒரே நாளில் கொடுங்கள். ரேஷனுக்கும் பள்ளிக்கும் ஈ.எஸ்.ஐ.க்கும் அது ஒன்றே செல்ல வேண்டும். தடைக்கால நிவாரணத்தைக் குடும்பத்துக்கு என்று கணக்குப் போடாமல் தலைக்கு என்று போடுங்கள். எடுத்து வளர்க்கிற தலையும் தலைதான். இனி எந்தக் கரையில் எந்தப் பலகையை நகர்த்துவதானாலும் மாற்று இடம் திறந்த பிறகு நகர்த்துங்கள், நகர்த்துகிற நாட்களுக்குக் கூலி கொடுங்கள். மீன் சந்தையில் விடியற்காலை மூன்று மணிக்குக் கதவு திறக்கிற ஒரு பிள்ளைக் காப்பகம் வையுங்கள், ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கட்டும். ஆண்களிடமும் ஒன்று கேட்கிறோம்: கரை ஏறிய பிறகு வலை பின்னுகிற கைக்குப் பிள்ளைக்குத் தலை வாரவும் தெரியும், பழகிப் பாருங்கள்.

சந்தைத் திறப்பு விழாவில் கடைகளின் எண்ணிக்கையைச் சொன்னார்கள், வண்டி நிறுத்த இடம் உண்டு என்றார்கள். பிள்ளைகளுக்கு ஒரு அறை என்று எவரும் சொல்லி நம் காதில் விழவில்லை. கனவான்களுக்கு 366 வரை எண்ணத் தெரிகிறது. அந்தக் கடைகளுக்குக் கீழே சாக்கில் எத்தனை பிள்ளைகள் தூங்குகின்றன, அவற்றில் எத்தனை பிள்ளைகளுக்கு அங்கே மீன் வெட்டிக் கொண்டிருப்பவள் அத்தை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை வந்து எண்ணட்டும். நாமும் கூட வருகிறோம்.